முதலில் 'வா' சொல்லிக்கொடு

அம்மாடி, பெருங்களத்தூரில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசாப் பிள்ளைகளுக்கு ராத்திரி நேரத்தில் தமிழ் சொல்லித்தரப் போகிறாயாமே! கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. வினைச்சொற்களில் 'வா' என்பதை முதலில் எடு. அதை வைத்தே சொல்லுகிறேன்.

1. எளிய சொல்தானே என்று அசட்டையாக இருக்காதே. நன்னூலில் பவணந்தியார் வினைப் பகுதிகளுக்கு மாதிரியாகக் காட்டும் 23 சொற்களில் 'நட'வை அடுத்து நிற்பது 'வா'. 'வந்தேன்' என்னும்போது அது 'வ' என்று குறுகும். 'வருகிறேன், வருவேன்' என்னும்போது 'வரு' என்று திரியும். "அந்த 'வா' எங்கே போச்சு?" என்று ஒருவன் கேட்டால் அவனைத் தட்டிக்கொடு. காது கொடுத்துக் கேட்கிறவனுக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும்.

2. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று முழு வாய்பாட்டையும் முதல் நாளே பலகையில் எழுதிவிடாதே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தாம்பரம் நடைமேடையில் நிற்கிறவனுக்கு வேண்டியது, "பீச் வண்டி வந்துடுச்சா?", "இன்னும் வரல" என்பவைதான். இந்த 'வரல' புதிதாகப் படிப்பவர்களுக்குப் பெரிய வரம். நான் வரல, அவன் வரல, மேஸ்திரி வரல, வண்டி வரல: யாருக்கும் எதற்கும் மாறாது. அதில் தைரியம் வந்தபின் மற்றதைத் தொடு.

3. "நாளைக்கு வந்தேன்" என்பார்கள். சிரிக்காதே. இந்தியில் நேற்றைக்கும் நாளைக்கும் 'கல்' என்ற ஒரே சொல்தான். எந்த நாள் என்பதை வினைதான் காட்டும். இப்படிச் சொன்ன ஒரு பையனைப் பார்த்து வேலையிடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள். அவனோ என் வகுப்பில் அப்புறம் வாயே திறக்கவில்லை.

4. இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைகள் தமிழைக் கற்பது அவர்களை வேலை வாங்குகிறவர்களின் வாயிலிருந்து. காலையிலிருந்து காதில் விழுவது 'வாடா, போடா'. சேலையூரில் ஒரு மளிகைக் கடையில் பெரியவர் ஒருவருக்கு வழிவிட்டு, அன்பாகத்தான், "வாடா" என்றான் ஒருவன். கன்னத்தில் அறை விழுந்தது. ஏன் அடித்தார் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. பிழை அவனுடையதல்ல, அவன் காதில் போட்டவர்களுடையது. அதனால், உன்னைவிட இளையவனாக இருந்தாலும் வாசலில் "வாங்க தம்பி" என்றே கூப்பிடு. 'வாங்க' என்பதை விளக்கவேண்டாம். தினமும் கேட்டால் தானாக ஒட்டிக்கொள்ளும். நண்பனை அழைக்கும் 'வாடா'வையும் பின்னால் சொல்லிக்கொடு, எங்கே இனிக்கும், எங்கே சுடும் என்பதோடு.

5. வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்கிறது தொல்காப்பியம். எதிரே நிற்பவரிடம் "உங்க வீட்டுக்கு வரேன்" என்கிறோம். வேறொருவர் வீடென்றால் "போறேன்". விடைபெறும்போது மட்டும் வெறுமனே "போறேன்" என்று விட்டுவிடக்கூடாது, "போயிட்டு வரேன்" என்று பழக்கு. ஊருக்கு ரயிலேறும் பிள்ளை அதைச் சொன்னால், வீட்டுக்காரம்மாவுக்கும் மனசு இளகும்.

6. களைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறவனை எழுப்பாதே. வகுப்பை எட்டு மணிக்கு மேல் வை அம்மாடி. குளித்துச் சாப்பிட்டுவிட்டு வர அவர்களுக்கு நேரம் வேண்டும்.