உப்பளக் கரையிற் பூந்தொட்டி

தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவின் கரையிலே, தருவைகுளம் என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. அப்பக்கம் செல்வோர் உப்பளங்களைக் காணாதிருத்தல் அரிது. பாத்தியில் நீரைத் தேக்குகின்றனர், வெயில் நீரைக் கொண்டுபோகின்றது, உப்பு தங்குகின்றது. பூச்செடி வளர்க்கும் அன்பர்கள் இக்காட்சியைச் சற்றே நின்று நோக்குவார்களாயின், தங்கள் முற்றத்துத் தொட்டியில் நடப்பதும் இதுவே என அறிவார்கள்.

கடலோரக் கிணறுகளின் நீர் பெரும்பாலும் உவர்ப்புடையது. அதனை நாடோறும் ஒரு செம்பு வார்க்கின்றோம். செடி நீரை உறிஞ்சி, உப்பிற் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். நிலத்திலாயின் அவ்வுப்பு ஆழத்திற்கு இறங்க இடமுண்டு. தொட்டியில் அதற்குப் போக்கிடம் யாது? சில மாதங்களில் மண்ணின்மேலும் தொட்டியின் புறத்திலும் வெள்ளையாகப் படியும். இலைகளின் நுனியும் ஓரமும் கருகும். செடிக்குத் தாகம் என்றெண்ணி, இன்னும் ஒரு செம்பு வார்க்கின்றோம். தாகந்தான், ஆனால் மண்ணில் ஈரமிருந்தும், உப்பின் மிகுதியால் வேர் அதனை இழுக்கமாட்டாமல் நேர்ந்த தாகம். நானும் ஒரு மல்லிகையை இவ்விதம் நீர் வார்த்தே கொன்றவன்.

ஆகையால் அடிக்கடி சிறிது வார்ப்பதை விடுத்து, மேல்மண் சற்றுக் காய்ந்தபின், அடித்துளை வழியே ஒழுகுமளவும் நிறைய வார்த்தல் வேண்டும். ஒழுகிய நீர் அடித்தட்டில் நிற்கலாகாது; நின்றால் கழுவிய உப்பு மீண்டும் மேலேறும். கடையில் விற்கும் இரசாயன உரங்களிற் பலவும் உப்புக்களே. மக்கிய சாண எருவே நலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளை இறவாரத்தின்கீழ் ஒதுக்கிவைப்பாருமுளர். வருஷம் முழுதும் சேர்ந்த உப்பைக் கூலியின்றிக் கழுவவரும் மழையை அவர்கள் வாயிலிலேயே திருப்பியனுப்புகின்றனர்.

உப்பைப் பொறுக்கும் செடிகளுள் அரளி முதன்மையானது. அதன் எல்லாப் பாகமும் நஞ்சாதலின் குழந்தைகளும் ஆடுகளும் எட்டாவிடத்தில் வைக்க. காகிதப்பூவும் இக்கரைக்கு ஏற்றது. 1767-ல் பிரெஞ்சு மாலுமி பூகன்வீல் என்பாரின் கடற்பயணத்தில் பிரேசில் நாட்டிற் சேகரிக்கப்பட்டு, அவர் பெயரையே பெற்ற செடி அது. அதில் நாம் மலரென்று மகிழ்வது நிறமூட்டிய இலைகளையே. மெய்ம்மலர் நடுவிலிருக்கும் சிறு வெண்குழல். மிகுதியாக நீர் பெற்றால் அது தழைக்குமேயன்றிப் பூவாது.

இட்லிப்பூச்செடிக்கு வருந்துயர் வேறு. சிப்பியும் சங்கும் நொறுங்கிக் கலந்த கடற்கரை மணலிற் சுண்ணாம்பு மிகுதி. அதனால் மண்ணிலுள்ள இரும்புச்சத்து வேருக்கு எட்டாது. நரம்புகள் பசுமையாக நிற்க, இளந்தளிர்கள் மஞ்சளாகும். நீரால் இது தீராது. செம்மண்ணும் மக்கிய எருவும் இட்டுத் தொட்டியை மாற்றவேண்டும்.

மல்லிகை உவர்நீரைச் சற்றும் பொறாது. அதனை விட மனமில்லாதார், மழைக்காலத்தில் கூரைநீரைக் குடங்களிற் பிடித்து மூடிவைத்து, மார்கழியில் கிளைகளைக் கவாத்துச் செய்து, அந்நீரையே அளந்து வார்த்து வருவாராயின், பங்குனியில் அரும்பு காணலாம்.