மல்லாட்டைச் செடியும் சிருஷ்டிகரும்

சிருஷ்டிகளைக் கண்டு சிருஷ்டிகரை அறியலாம் என்பது ஞானோபதேசத்தில் சிறு பிள்ளைகளும் சொல்லும் பாடம். அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இதைப் போதிக்கிறார். மனிதன் தன் புத்தியின் வெளிச்சத்தாலேயே இவ்வுண்மையை எட்டமுடியும் என்று 1870-ல் வாத்திக்கான் பொதுச்சங்கமும் வரையறுத்தது. அத்தாட்சி கேட்டால் நம்மில் பலர் நட்சத்திரங்களையும் சமுத்திரத்தையும் காட்டுகிறோம். அவ்வளவு தூரம் போவானேன்? கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை நிற்கிறதே! (மணிலாக்கொட்டை என்பதுதான் நம் வாயில் மல்லாட்டை ஆயிற்று.)

விதைத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் மஞ்சள் பூ பூக்கிறது. காலையில் மலர்ந்தது அன்றே வாடிப்போகும். மற்றச் செடியானால் பூ இருந்த இடத்திலேயே காய் தொங்கும். இதுவோ பூவின் அடியிலிருந்து ஊசிபோல் ஒரு விழுதை விடுகிறது. கண்ணில்லாத அவ்விழுது மண்ணை நாடி இறங்குகிறது. அதன் நுனியில் கருவுற்ற விதை இருக்கிறது. ஆனால் வெளிச்சத்தில் இருக்குமட்டும் அது காயாவதில்லை. மண்ணுக்குள் புகுந்து இருளடைந்த பின்தான் நுனி பக்கவாட்டில் திரும்பிப் பருக்கிறது. மண்ணை எட்டாத விழுது காய்ந்து வீணாகும். நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் நாம் மண் அணைப்பது இதற்காகத்தான். இன்னும் ஒன்று: காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பெரும்பாலும் வேர் கொண்டுவந்து கொடுப்பதில்லை, காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. செடியடியில் ஜிப்சம் இடச் சொல்வதன் காரணமும் இதுவே.

ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கடுகு போன்ற முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு உறவான ஒரு பொருள் அதில் உண்டு. அம்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. செடி அவற்றிற்குச் சர்க்கரை ஊட்டுகிறது.

இங்கே கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒரு கேள்வி கேட்பான், கேட்கவும் வேண்டும். "விழுது பூமியின் ஈர்ப்பை உணர்ந்து இறங்குகிறது. இந்தச் செடியே தென் அமெரிக்காவில் இரண்டு காட்டுச் செடிகள் கலந்து உண்டானது என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. இதில் சர்வேசுரனுக்கு என்ன வேலை?" பிள்ளையை அதட்டி வாயடைப்பது தகாது. அவன் சொன்ன விவரங்கள் மெய்யானவை. தெரியாத இடத்தில் மட்டும் சர்வேசுரனை நிறுத்துகிறவன், நாளை அது தெரியவந்தால் அவரை வெளியே அனுப்பவேண்டியிருக்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் இதற்கு வழி காட்டியிருக்கிறார். அம்புக்கு இலக்குத் தெரியாது, எய்தவனுக்குத் தெரியும். அப்படியே அறிவில்லாத பொருள்கள் ஒழுங்காய்த் தங்கள் முடிவை நாடிப் போவது ஓர் அறிவு அவற்றைச் செலுத்துவதால் என்கிறார். வேறோரிடத்தில் கப்பலைச் சொல்கிறார். தச்சன் மரத்தை அறுத்து இழைத்துக் கப்பல் கட்டுகிறான். மரக்கட்டைகள் தாமாகவே சேர்ந்து கப்பலாகும் திறமையை அவற்றுக்குள்ளேயே ஒருவன் வைக்கக்கூடுமானால்? இயற்கை அத்தகையது என்பது அவர் கருத்து. கட்டைகள் எப்படிச் சேருகின்றன என்பதைச் சாஸ்திரம் ஆராய்கிறது. அத்திறமை எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. தற்செயல் என்று நாம் சொல்வதும் தேவ பராமரிப்புக்குப் புறம்பல்ல என்று அவரே விளக்கியிருக்கிறார். மனித சரீரத்தின் உற்பத்தியைப் பற்றிய பரிணாம ஆராய்ச்சியையும் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-ல் விலக்கவில்லை. ஆனால் ஆத்துமத்தைச் சர்வேசுரனே நேராக உண்டாக்குகிறார் என்பதை விடாமல் பற்றச் சொன்னார்.

இதைவிடக் கடினமான கேள்வி கடன் வாங்கி விதைத்த தகப்பனுடையது. செடி சர்வேசுரனுடைய ஏற்பாடென்றால் கம்பளிப்பூச்சி யாருடைய ஏற்பாடு? சிவப்புக் கம்பளிப்பூச்சியின் கூட்டுப்புழு மாதக்கணக்காய் மண்ணுக்குள் அசையாமல் கிடக்கிறது. பருவத்தின் கனத்த மழை இறங்கியதும் அந்துப்பூச்சிகள் வெளிப்பட்டு முட்டையிடுகின்றன; இளஞ்செடி தழைக்கும் சமயமும் அதுவே. பிறகு புழுக்கள் கூட்டங்கூட்டமாய்க் கொல்லைவிட்டுக் கொல்லை நடந்து மொட்டையடித்துவிடும். பிசகாத அந்த நேரக்கணக்கு விழுதின் அதிசயத்துக்குக் குறைந்ததல்ல; நமக்குத்தான் அது பிடிக்கவில்லை. சிருஷ்டியின் ஒழுங்கு ஓர் அறிவைக் காட்டுகிறது; எல்லாம் நம் இலாபத்துக்காகவே என்று அது சொல்லவில்லை. துன்பப்பட்ட யோபுக்குச் சர்வேசுரன் காட்டியவை காட்டுக் கழுதை, தீக்கோழி, கழுகு முதலியன. அவற்றுள் பல மனிதனுக்கு ஏர் இழுப்பதுமில்லை, பால் கொடுப்பதுமில்லை. துன்பம் ஏன் என்பதற்கு யோபுக்கு அங்கே விளக்கம் கிடைக்கவில்லை. அதற்கு நாம் சிலுவையண்டை போகவேண்டும், செடியண்டை அல்ல.

பூச்சியை அழிப்பது பாவமோ என்று யாரும் மயங்கவேண்டாம். கோடையுழவு செய்து கூட்டுப்புழுக்களைப் பறவைகளுக்குக் காட்டுவதும், மழைக்குப் பின் இரவில் விளக்குப்பொறி வைப்பதும் அவர் தந்த புத்தியின் வேலைதான்.

பெற்றோர் பூக்கும் பருவத்தில் பிள்ளைகளைக் கொல்லைக்கு அழைத்துப் போகலாம். பொழுது சாய்ந்தபின் இலைகள் சோடி சோடியாய் மடிந்திருப்பதைக் காட்டுங்கள். மண்ணை எட்டாத உயரத்தில் விட்ட ஒரு விழுதுக்கும், மண்ணுக்குள் போன ஒன்றுக்கும் நூல் கட்டி அடையாளம் வைத்து, பிடுங்கும் நாளில் இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.