மெக்கானிக்கல் மாணவரும் பொருளுதவியும்

பொறியியற் கல்லூரியொன்றின் மெக்கானிக்கல் துறையில் ஆசிரியனாக இருந்துகொண்டே, உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொறுப்பையும் நெடுங்காலம் வகித்து வந்தவன் என்ற முறையில், உதவியே கிடையாமற் படிப்பை விட்டவர்களைக் காட்டிலும், கிடைக்கவேண்டிய உதவி உரிய காலத்தில் கைக்கு வராமையால் தவித்தவர்களையே நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன். எந்தத் திட்டம் எந்தச் செலவைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைச் சேர்க்கைக்கு முன்பே குடும்பத்தார் உட்கார்ந்து கணக்கிட்டுக்கொள்வது அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் மாநிலத்தில் பிரதானமானது முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் தமக்கு முன் எவரும் பட்டம் பெறாதிருக்க, பொதுக் கலந்தாய்வின் வழியாகச் சேருகிற மாணவருக்கே அது உரியது. அதுவும் குடும்பத்துக்கு ஒருவருக்கு மட்டுமே. இடம் கிடைக்காமற் போய்விடுமோ என்ற பதற்றத்தில், கலந்தாய்வு தொடங்குமுன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிச் சேர்த்துவிடும் பெற்றோர், அந்த ஒரு காரியத்தினாலேயே நான்காண்டுச் சலுகையையும் இழந்துவிடுகிறார்கள். கணினிப் பிரிவுகளை நோக்கியே கூட்டம் செல்லும் இந்நாளில், மெக்கானிக்கல் இடங்கள் பல கல்லூரிகளில் இறுதிச் சுற்றுக்குப் பின்னரும் மீந்திருக்கக் காண்கிறோமாதலால், அந்தப் பதற்றத்துக்குக் காரணமே இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்று, 2021 முதல் நடைமுறையிலுள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெறுவோர்க்கோ கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களின் மாதம் 1000 ரூபாயையும் இத்தகைய மாணவர்கள் கேட்டுப் பெறவேண்டும்.

பெண்கள் குறைவாகவே சேரும் துறை எங்களுடையது. அப்படிச் சேருகிற பெண்ணிடம், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் வழங்கும் பிரகதி உதவித்தொகையைப் பற்றி முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால், ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதே தொகை சக்ஷம் என்ற பெயரில் உண்டு.

கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகளுக்குப் பிரகதித் தொகை அனுப்பப்பட்டுவிட்டதாக இணையதளம் காட்டியது. அவள் கையிலிருந்த பாஸ்புக்கிலோ ஒரு வரவும் இல்லை. விசாரித்ததில், பள்ளி நாட்களில் வேறொரு வங்கியில் தொடங்கி, பின்பு மறந்தே போயிருந்த கணக்கோடு அவளுடைய ஆதார் இணைந்திருந்தமையால், பணம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது தெரியவந்தது. நீங்கள் எந்தக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்தாலும், ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் பணம் செல்லும். எனவே விண்ணப்பிக்குமுன் வங்கிக்குச் சென்று அதனை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெயரும் அப்படியே. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னே நிற்க, ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னே நின்றால், விண்ணப்பம் திரும்பி வரும். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் பிளஸ் டூ முடிவு வருமுன்பே விண்ணப்பித்துவிடுவது உத்தமம். முடிவு வந்தபின் ஊரே அங்கு வரிசையில் நிற்கும்.

கட்டணம் கழிந்தபின்னும் சில்லறைச் செலவுகள் நிற்கின்றன. மினி டிராஃப்டர், டிராயிங் ஷீட், ஒர்க்‌ஷாப்புக்கு வேண்டிய ஷூ, தேர்வுக் கட்டணம், பஸ் கட்டணம் என இவை யாவும் செமஸ்டரின் தொடக்கத்திலேயே கேட்கப்படுபவை. உதவித்தொகையோ பல மாதங்கள் கழித்து வருவது. அந்த இடைவெளிக்கென்று ஒரு தொகையை முன்னதாகவே ஒதுக்கிவைத்துவிடுங்கள். டிராஃப்டரைச் சீனியர்களிடமிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள், முதலாண்டு கழிந்தால் பெரும்பாலும் அது பரணில்தான் கிடக்கும். கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு இரும்பும் மோட்டாரும் வாங்கப் பணம் வேண்டியிருக்கும்போது, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் செயல்திட்டங்களுக்கு வழங்கும் உதவிக்கு வழிகாட்டும் ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்கலாம் என்பதை அநேகர் அறியார்.

இவ்வளவுக்கும் பின் பற்றாக்குறை இருந்தால் கல்விக்கடன் வாங்க அஞ்சவேண்டியதில்லை. 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியோ படிப்போ நாக் அல்லது என்பிஏ அங்கீகாரம் பெற்றிருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசின் மானியம் ஏற்கும். ஆனால் அந்த மானியத்துக்கான வருமானச் சான்றை வங்கியில் கொடுத்து ஒப்புகை பெற்றாலன்றி அது தானாக வந்து சேராது. பட்டத்துக்குமேல் எம்.இ. படிக்க விரும்புவோர் மூன்றாம் ஆண்டிலேயே கேட் தேர்வுக்கு ஆயத்தமாகட்டும். அதில் தகுதி பெற்று, அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும்.