பையனுக்கு எந்த கியர்?

எஸ்.பி.எம். முடித்த மகனுக்கு ரோடு பைக் வாங்க வரும் அப்பாக்கள் ஜார்ஜ்டவுன் கடைகளில் முதலில் கேட்பது, "ரேஸ்காரங்க ஓட்டுறது எது?" மகனின் கண்ணோ நண்பன் இன்ஸ்டாகிராமில் போட்ட பெரிய செயின்ரிங்கின் மேல். இவன் எந்த ரோட்டில் ஓட்டப்போகிறான் என்று இருவருமே கேட்பதில்லை.

முன்பக்கச் செயின்ரிங்குகளில் பல் எண்ணிக்கைப்படி 50/34, 52/36, 53/39 ஆகிய ஜோடிகள்தான் வழக்கம். பின்பக்க கேசட் 11-25இல் தொடங்கி 11-34 வரை கிடைக்கும். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கரச் சுற்றளவான 2.1 மீட்டரால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பைக் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும். கர்னி டிரைவ், தஞ்சோங் பூங்கா போன்ற சமதரையில் மட்டும் ஓட்டுபவருக்கு எதுவும் சரி. குழுவோடு வேகமாகப் போகும் பழக்கமுள்ளவர் 52/36, 11-30 எடுக்கலாம். மற்றவர்களுக்கு 50/34.

நான் எச்சரிக்க வேண்டியது 53/39ஐப் பற்றித்தான். பழைய ரேஸ் பைக்குகளில் 11-25 கேசட்டோடு மலிவாக வரும். "வளர்ற பையன், கால் பழகிடும் சார்" என்று அப்பா வாங்கிவிடுவார். பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் புலாவ் ஏறும்போதுதான் வினை தெரியும். 39/25இல் (முன்பல் 39, பின்பல் 25) நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். பத்து விழுக்காடு ஏற்றத்தில் அந்த வேகத்தைக் காக்க 55 கிலோ பையன் 200 வாட்டுக்கு மேல் தரவேண்டும். முடியாதபோது சுற்று 40க்கு இறங்கும், பைக் இப்படியும் அப்படியும் ஆடும், முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில், காற்றே படாத வேகத்தில், உடம்பு வேறு கொதிக்கும். அதே 60 சுற்றை 34/34இல் மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். 140 வாட் போதும்.

இறக்கத்தில் வேகம் குறையுமே என்பார்கள். 90 சுற்றில் 53/11 தருவது மணிக்கு சுமார் 55 கிலோமீட்டர், 50/11 தருவது சுமார் 52. இந்த 3 கிலோமீட்டருக்காகவா முழங்காலைக் கொடுப்பது? உலக சைக்கிள் சம்மேளனமே 2022 முடியும்வரை 17, 18 வயது ரோடு பந்தயவீரர்களுக்கு ஒரு சுற்றுக்கு 7.93 மீட்டர்தான் உச்சம் என்று வைத்திருந்தது. 53/11 பத்து மீட்டரைத் தாண்டும். ஷிமானோ 2021இல் டியூரா-ஏஸ் வரிசையில் 54/40 கொண்டுவந்ததைக் காட்டிப் பெரிய செயின்ரிங்குக்காக வாதாடுவோர், அதே வரிசையில் 11-34 கேசட்டும் இருப்பதைப் பார்ப்பதில்லை.

நான் மலையேறுகிறவன். தெலுக் பாஹாங் அணையைத் தாண்டி டுரியான் தோப்புகளுக்கிடையே ஏறத் தெரியாதவரின் வேகத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை. அந்தச் சாய்வு இந்தக் கட்டுரையில் இருக்கத்தான் செய்யும். 11-34இல் பல்லுக்குப் பல் இடைவெளி அதிகம், சமதரையில் மிதியின் தாளம் சற்றுத் தடுமாறும் என்பதும் உண்மை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய பைக்கில் கேசட்டை மட்டும் மாற்றுவதாக இருந்தால், பின் டெரெய்லர் (கியர் மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

ஒருவன் வேகமாகச் சுற்றுவான், இன்னொருவன் அழுத்தி மிதிப்பான். அது அவரவர் உடம்பின் வாகு. பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்து அறிவியல் பிரிவில் தள்ளுவதுபோல் கியரிலும் தள்ளக்கூடாது. வாகு வெளிப்படக் காலம் பிடிக்கும். பெற்றோர் காத்திருக்க வேண்டும், பிள்ளையும் தன்னை அவசரப்படுத்தக்கூடாது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறப் பழகியவனுக்கு வேகம் பின்னால் வரும்.

ஆகவே முதல் பைக்குக்கு 50/34, 11-34 என்றே கேட்டு வாங்குங்கள். ஓராண்டு மலையும் கடற்கரையும் ஓட்டிய பிறகு பெரிய செயின்ரிங் வேண்டுமா என்பதை ஓட்டுகிறவனே சொல்லட்டும்.