வெயிலைச் சேமிக்கும் சுவர்

லடாக்கின் லே நகர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. ஆயினும் பகலில் நல்ல வெயில் உண்டு. விறகு அரிதாகையால் மக்கள் உலர்ந்த சாணத்தை எரித்துக் குளிர் காய்வர். மூடிய அறையில் அதன் புகை கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு செய்யும். இதற்கு ஒரு பரிகாரம் 'டிராம்ப் சுவர்' ஆகும். பிரெஞ்சு அறிஞர் ஃபெலிக்ஸ் டிராம்பின் பெயரால் இது வழங்குகிறது.

அமைப்பு: அறையின் தென்சுவரை மண்ணாலோ கல்லாலோ 30 முதல் 40 செ.மீ. கனத்தில் எழுப்புக. வெளிப்புறத்தில் கறுப்பு வர்ணம் பூசி, சுமார் 10 செ.மீ. இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்துக. சுவரின் அடியிலும் உச்சியிலும் துவாரங்கள் அமைத்து, அவற்றிற்கு மூடிகள் இடுக.

செயல்: பகலில் இடைவெளியிலுள்ள காற்று சூடேறி, மேல் துவாரத்தின் வழியே அறைக்குள் வரும்; அறையின் குளிர்ந்த காற்று கீழ்த் துவாரத்தின் வழியே இடைவெளிக்குச் செல்லும். சுவர் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் மெல்ல அறைக்கு அளிக்கும்.

எச்சரிக்கை: மாலையில் துவாரங்களை மூடத் தவறினால் காற்று எதிர்த்திசையில் சுழன்று, சேமித்த வெப்பம் வீணாகும். கோடையில் கண்ணாடிக்கு வெளியே நிழல்தட்டி கட்டுதல் வேண்டும்.

சோதனை: பகலில் கீழ்த் துவாரத்தருகே ஊதுவத்தியைப் பிடித்தால் புகை உள்ளிழுக்கப்படும். பள்ளிகளில் ஆசிரியர் இதனைக் காட்டி, மூடிகளைக் கவனிக்கும் பொறுப்பை மாணவரிடம் முறைவைத்து ஒப்படைக்கலாம்.