மேயும் குதிரையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். சிலாங்கூர் டர்ஃப் கிளப் 1993இல் சுங்கை பீசிக்குப் போய்விட்டது. எனக்குப் பந்தயத்தில் நாட்டமில்லை. ஓடுகிற குதிரையைவிட மேய்கிற குதிரைதான் பிடிக்கும். பிரிக்பீல்ட்சிலிருந்து அதற்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம் (யுபிஎம்). 1931இல் வேளாண் பள்ளியாக இருந்த இடம். எம்ஆர்டியில் யுபிஎம் நிலையம், அங்கிருந்து கிராப். போகுமுன் போன் போட்டு அனுமதி கேட்டுவிடுங்கள்.

காலையிலேயே போய்விட வேண்டும். குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகளில் சில, நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்க்கவே மறந்துவிடும். வெயில் ஏறினால் அவற்றுக்கு லாயத்து நிழல்தான் கதி.

கிள்ளான் தோட்டப்புறத்தில் மாடு பார்த்து வளர்ந்தவர்கள் முதலில் வாயைக் கவனியுங்கள். மாட்டுக்கு மேல்வரிசை முன்பல் கிடையாது. நாக்கைச் சுழற்றிப் புல்லை இழுக்கும். குதிரையோ மேலுதட்டை விரல் மாதிரி வைத்துத் துழாவி, வேண்டாததை ஒதுக்கி, வேண்டியதை மட்டும் பல்லுக்குத் தள்ளும். பிறகு ஒரு 'நறுக்'. அந்தச் சத்தத்துக்காகவே நான் வேலியோரம் நெடுநேரம் நிற்பேன். அசைபோடும் வேலை இல்லாததால், விட்டால் நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கும். புல்வெளி ஒரு பக்கம் மொட்டையாகவும் மறுபக்கம் புதராகவும் இருந்தால் பராமரிப்பைக் குறை சொல்லாதீர்கள். லத்தி போட்ட பக்கம் அது வாய் வைக்காது.

பிள்ளைகளோடு வருகிறவர்கள் ரொட்டியோடு வருகிறார்கள். கூடவே கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உருண்டு புரண்டு உயிரையே விட்டுவிடும். வேலியோரப் புல்லைப் பிடுங்கி நீட்டுவதும் வேண்டாம். நம் பக்கத்துப் புல் சிலவற்றில் ஆக்சலேட் அதிகம். அதையே மாதக்கணக்கில் தின்றால் சுண்ணாம்புச் சத்து குறைந்து முக எலும்பு வீங்கும். எதை எவ்வளவு தின்னலாம் என்று குதிரைக்காரர் கணக்கு வைத்திருப்பார்.

நேர் பின்னால் குதிரைக்குக் கண் தெரியாது. தோள்பக்கமாக, குரல் கொடுத்தபடி போங்கள். காது பின்னால் படிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். வேலியில் சாயாதீர்கள், வெள்ளை நாடா மாதிரி இருப்பதில் மின்சாரம் ஓடலாம்.

ஒரு குதிரை பின்னங்காலை லேசாக மடித்து நின்றதைப் பார்த்து, "ஐயோ, கால்ல அடிபட்டிருக்கு" என்று பதறினார் என் அத்தை.

"தூங்குதும்மா" என்றார் குதிரைக்காரத் தம்பி.

"நின்னுக்கிட்டா?"

நின்றுகொண்டுதான். முழங்காலைப் பூட்டிக்கொண்டு அப்படியே கண்ணயரும். படுத்துத் தூங்குவதெல்லாம் கொஞ்ச நேரம்தான்.