கேட்க ஆளில்லாத ஊரில்: வேலைக்குப் போயிருக்கும் தங்கச்சிக்குச் சில டிப்ஸ்

தங்கச்சி, ஊரில் இருந்தவரை உனக்கென்று தனி ஒழுங்கு தேவைப்படவில்லை. ராத்திரி அப்பா பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் டி.வி. தானாக நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடிப்பதற்குள் அம்மா தலைவாரி, காணிக்கையும் கையில் கொடுத்து, வாசலில் நிறுத்திவிடுவார்கள். இப்போது சென்னையில் ஹாஸ்டல், சொந்தச் சம்பளம், கேட்க ஆளில்லை. “கிறிஸ்து நம்மை விடுதலையாக்கிவிட்டார் என்றால் இனிச் சட்டதிட்டம் எதற்கு அக்கா?” என்று போன வாரம் கேட்டாய். நல்ல கேள்வி. போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், நீ எந்தப் பக்கம் சாய்கிறவள் என்று பார்த்துக்கொள். பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் கோபம் தெரியும். விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் தேவனுடைய ஜனம் என்று அங்கே சிலர் போதித்தார்கள். கிடைத்த விடுதலையை இழந்துவிடாதீர்கள் என்று பவுல் மன்றாடுகிறார். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது எதிர்ப்பக்கம் நிற்கிறார். எதைச் செய்தாலும் எங்களுக்குத் தடையில்லை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் அவர் வைக்கிற கேள்விகள் இரண்டு: இது பிரயோஜனப்படுகிறதா? இது உன்னை அடிமையாக்குகிறதா?

கொரிந்து எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? ரோமர்கள் அழித்துப்போட்ட இடத்தில் கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி ஆட்களைக் குடியேற்றிய பட்டணம். இரண்டு பக்கமும் துறைமுகம். அதில் ஒன்றுதான் வேதத்தில் வரும் கெங்கிரேயா. சரக்கும் பணமும் புது முகங்களும் ஓயாமல் வந்திறங்கும். பிழைக்க வந்தவர்களுக்கு அங்கே பெரியப்பாவும் கிடையாது, தெருக்காரர்களும் கிடையாது. உன் சென்னை வாழ்க்கைக்கு வேதத்தில் இதைவிட நெருக்கமான பட்டணம் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் ஜெபம் தவறினால் ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்று நடுங்குகிறவளுக்குக் கலாத்தியர் நிருபம். அவளிடம் போய் இன்னும் நாலு விதி சொல்வது பாவம். ‘கிருபை இருக்கிறதே’ என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறவளுக்குக் கொரிந்தியர் நிருபம். உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நீ முதலில் கொரிந்தியரை வாசி.

கொரிந்துக்குப் பக்கத்தில் இஸ்துமியாவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டுப் போட்டி நடக்கும். ஜெயித்தவன் தலையில் இலைக் கிரீடம் வைப்பார்கள். பவுல் கொரிந்தில் ஒன்றரை வருஷம் இருந்தவர். ஓடுகிறவனையும் குத்துச்சண்டை போடுகிறவனையும் அவர் உதாரணம் காட்டியதும் அந்த ஊராருக்கு உடனே புரிந்திருக்கும். கிரேக்கரின் இன்னொரு போட்டியான ஒலிம்பியாவில், பத்து மாதம் முறையாகப் பயிற்சி எடுத்தோம் என்று சத்தியம் செய்த பிறகுதான் வீரர்கள் களத்தில் இறங்கினார்கள். ஓடுகிறவன் வாயைக் கட்டுவது சாப்பாடு பாவம் என்பதால் அல்ல, அவனுக்கு ஓட வேண்டியிருக்கிறது. நான் சொல்லப்போகும் ஒழுங்கு எல்லாவற்றையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டவருடைய அன்பைச் சம்பாதிப்பதற்காக இதில் ஒன்றுமே கிடையாது. அந்த அன்பு உனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

சரி, காலையிலிருந்து தொடங்குவோம். போனைக் கட்டிலிலிருந்து கை எட்டாத பிளக்கில் சார்ஜ் போடு. அலாரத்துக்குத் தனியாக ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள். வேதத்தை அச்சுப் புத்தகத்தில்தான் வாசிக்க வேண்டும். போனில் திறந்தால் மூன்றாம் வசனத்துக்குள் ஆபீஸ் குரூப் வந்து நிற்கும். ஒரு மணி நேரம் ஜெபிப்பேன் என்று பெரிய பொருத்தனை எல்லாம் வேண்டாம். பல் தேய்த்ததும் பத்து நிமிஷம், அதே நாற்காலி, அதே நேரம். ரூம்மேட் தூங்கினால் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்.

எதையாவது ‘எனக்கு இதில் சுதந்திரம் உண்டு’ என்று சொல்லத் தோன்றினால், அதை ஒரு வாரம் விட்டுப்பார். ரீல்ஸ், ராத்திரி சீரீஸ், ஆர்டர் பண்ணும் பிரியாணி, ஆன்லைன் ஷாப்பிங், எதுவானாலும் சரி. சுலபமாக விட முடிந்தால் சந்தோஷமாக அனுபவி. மூன்றாம் நாளே எரிச்சல் வந்தால் அங்கே யார் எஜமான் என்று தெரிந்துவிடும்.

சம்பளம் விழுந்த அன்றே காணிக்கையைத் தனியாக எடுத்து வை. பாட்டி உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைப் பாத்திரத்தில் போடுவார்கள், சாப்பிட்டு மிஞ்சியதை அல்ல. மிசோரம் சபைகளில் இந்தப் பிடி அரிசி வழக்கம்தான் மிஷன் ஊழியத்துக்குப் பெரிய தாங்கல்.

அடுத்தது, நீ கேட்கத் தயங்கிக் கேட்ட விஷயம். ரூம்மேட் கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தால் வாங்கலாமா? கொரிந்தியருக்கு இருந்த பிரச்சினையே இதுதான். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி அங்கே கடையிலும் விற்றது, விருந்திலும் வந்தது. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று பவுலுக்குத் தெரியும். விருந்துக்குப் போனால் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார். ஆனால் இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனசாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். தன் சாப்பாடு ஒரு சகோதரனை இடறச்செய்தால் இறைச்சியையே விட்டுவிடத் தயார் என்றும் சொல்கிறார். நம் சபைகளில் இதில் ஒரே கருத்து இல்லை. என் யோசனை இது: உன் அறையில் புதிதாக விசுவாசத்துக்கு வந்த பெண் இருக்கிறாளே, அவள் மனசு குழம்பும்படி அவள் எதிரில் சாப்பிடாதே. வேண்டாம் என்று முடிவெடுத்தால் ரூம்மேட் முகம் வாடாமல் சொல். “எங்கள் வழக்கம் இப்படி, தப்பாக எடுத்துக்காதே” என்று சொல்லிவிட்டு, அவளோடு உட்கார்ந்து காபி குடி. உன் விசுவாசத்தைக் காட்டுவதற்காக அவளுடைய சாமியை ஒரு வார்த்தை குறைத்துப் பேசினாலும் அக்காவுக்கு வருத்தமாக இருக்கும்.

டீம் பார்ட்டிக்கும் இதே அளவுகோல்தான். குடியை விட்டுவிடப் போராடும் ஒருவர் அந்த மேஜையில் இருந்தால், உன் கையில் ஜூஸ் இருப்பது அவருக்குப் பெரிய உதவி.

உரிமை இருக்கிறது என்று காட்டுவதற்காகவே எதையும் செய்யாதே. 1522 லெந்து நாட்களில் சூரிக் நகரத்து அச்சகக்காரர் ஃப்ரோஷவர் வீட்டில் சிலர் விரதச் சட்டத்தை மீறி சாசேஜ் சாப்பிட்டார்கள். அங்கே இருந்த போதகர் ஸ்விங்ளி சாப்பிடவில்லை. ஆனால் சாப்பிட்டவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று பிரசங்க பீடத்தில் நின்று வாதாடினார். உரிமைக்காகப் பேசிவிட்டு, தான் அதைத் தொடாமல் இருந்த அந்த மனுஷனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

லெந்து வந்தால் நீயும் உபவாசம் என்று ஆரம்பிப்பாய். ‘கிறிஸ்தவனின் சுதந்திரம்’ என்று 1520இல் புத்தகம் எழுதிய லூத்தர், உபவாசத்தைப் புண்ணியக் கணக்கில் சேர்க்கவில்லை. உடம்பை அடக்க எவ்வளவு தேவையோ அந்த அளவை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். உனக்கு அல்சர் இருக்கிறது. வெறும் வயிற்றோடு ஆபீஸ் போகாதே. சாப்பாட்டுக்குப் பதில் ராத்திரி ஒன்பதுக்குமேல் போனை அணைத்துவிடு. அது உனக்குப் பசியைவிடக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நடுவில் இரண்டு நாள் தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கு, சேர்த்துவைத்துச் செய்து ஈடுகட்ட முயலாதே. சபையில் உன்னைவிடப் பெரிய ஓர் அக்காவைத் தேடிப்பிடி. கல்யாணமானவராக இருந்தால் ஞாயிறு மத்தியானச் சாப்பாடும் கிடைக்கும். அவர் கிடைக்கும்வரை புதன்கிழமை ராத்திரி எனக்கு போன் பண்ணு. காலையில் என்ன வாசித்தாய், பணம் எங்கே போனது, எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்பேன். நீயும் என்னிடம் அதையே கேள்.